வலையில் ஓட்டை இல்லை

பந்து கோலுக்குள் போனதை மர்சூக் கண்ணால் கண்டார். கண்டதோடு நிற்காமல் போனில் அதை வீடியோவும் எடுத்தார். வடக்குக் கோல் கம்பத்துக்கும் வாவித் தண்ணீருக்கும் இடையே எட்டடி மணல் இருக்கிறது. பதினேழு வருடமாக அவர் அங்கே நின்றுதான் ஆட்டம் பார்க்கிறார். மேடைப் பக்கம் போனால் யாராவது கதிரை கொடுத்து உட்கார வைத்து, பிறகு யாராவது பெரியவர் வந்ததும் எழுப்பிவிடுவார்கள். மணலில் அந்தத் தொல்லை கிடையாது.

ஏறாவூர் லகூன் ஸ்டார் விளையாட்டுக் கழகத்துக்கு இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அது. சமநிலையில் முடித்தால் லீக்கின் முதலாம் பிரிவில் இன்னுமொரு வருடம் தொங்கிக்கொண்டிருக்கலாம். தோற்றால் இரண்டாம் பிரிவு. எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் லகூன் ஸ்டார் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. அப்போது அணித்தலைவர் அஸாம் இடது காலால் ஒன்று அடித்தான். அது எதிரணியான ரைசிங் வேவின் கோல் காப்பாளரின் விரல் நுனியைத் தாண்டி, கம்பத்துக்கு உட்புறமாக நுழைந்து, வலையில் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்த ஓட்டை வழியாக வெளியே வந்து, மர்சூக்கின் முழங்காலை உரசிக்கொண்டு வாவியில் விழுந்தது. தோணியில் இருந்த ஒருவர் துடுப்பால் அதைக் கரைப் பக்கம் தள்ளிவிட்டார். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மத்தியஸ்தர் நல்லரத்தினம் நாற்பது யார் தூரம் தள்ளி நின்றார். பந்து தண்ணீரில் கிடந்தது, வலை அசையவில்லை. அதை வைத்து அவர் கோல் கிக் என்று கையைக் காட்டினார். லைன்ஸ்மன் கொடியைத் தூக்கவில்லை. அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கொடி ஒரே ஒரு தடவைதான் உயர்ந்தது, அதுவும் பிரதம அதிதியின் வாகனத்துக்கு வழிகாட்ட.

"கோல்தானே காக்கா?" என்று மர்சூக்குக்குப் பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர் கேட்டார்.

"கோல்தான்."

"ஆ," என்றுவிட்டு அவர் அடுத்த கச்சான் கடலையை உடைத்தார்.

ஐந்து வருடத்துக்கு முன்னர் என்றால் இதற்கு மைதானமே இரண்டுபட்டிருக்கும். யாராவது மத்தியஸ்தரின் பரம்பரையை விசாரித்திருப்பார்கள். இப்போது யாருக்கும் தொண்டை இல்லை. அஸாம் மட்டும் மத்தியஸ்தரிடம் ஓடிப்போய் ஏதோ சொன்னான். மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். ஆட்டம் முடிந்தது. மர்சூக் தன் நெஞ்சுக்குள் கோபம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். வெயிலில் நின்ற களைப்புத்தான் இருந்தது.

அந்த ஓட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜனவரியில் கழகத் தலைவர் அல்ஹாஜ் உசனார் இரண்டு சோடிக் கோல் கம்பங்களும் புது வலையும் அன்பளிப்புச் செய்தார். கம்பத்துக்கு மேலே அவருடைய பெயரும் பட்டங்களும் எழுதிய பலகை ஒன்றும் வந்தது. பட்டங்கள் நீளமாக இருந்தபடியால் பலகை கம்பத்தைவிட அரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. திறப்பு விழா வைத்தார்கள். கம்பத்தை எப்படித் திறப்பது என்று ஒருவருக்கும் தெரியாததால், வலையின் குறுக்கே சிவப்பு நாடா கட்டினார்கள். காற்றில் நாடா ஆடாமல் இருக்க அதை வலையோடு சேர்த்து முடிந்தார்கள். பிரதம அதிதி புகைப்படக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை அழுத்தினார். நாடாவோடு வலையும் போனது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாளே அஸாம் ஊசியும் நூலும் கொண்டு வந்தான். உசனார் ஹாஜியார் விடவில்லை. தைத்தால், தைத்த இடம் தெரியும். தெரிந்தால், பிரதம அதிதி வெட்டியது தெரியும். ஆகவே வலை அப்படியே கிடந்தது. பருவம் முழுக்க கழகம் அடித்த ஒரு பந்தும் அந்த வழியால் போகவில்லை. லகூன் ஸ்டார் அந்தப் பக்கம் கோல் அடித்தால்தானே போவதற்கு.

லீக் விதிப்படி இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் கழகத்தின் கடிதத் தலைப்பில், தலைவரின் கையொப்பத்தோடு மேன்முறையீடு கொடுக்கலாம். அன்று மாலையே மர்சூக் தன் மிளகாய் மில்லைச் சாத்திவிட்டு நேரே கழகச் செயலாளர் ஸாஜித் சேரின் வீட்டுக்குப் போனார். மர்சூக் கழகத்தில் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. முதலாம் பிரிவில் நிற்க வேண்டும், அது ஒன்று. இன்னொன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பதினேழு வருடமாக அவர் கண்டதெல்லாம் நடக்கவில்லை என்றுதான் ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தடவையாவது, ஒரு தாளிலாவது, அவர் கண்டது நடந்தது என்று எழுதப்பட வேண்டும்.

ஸாஜித் சேர் மூன்று வருடத்தில் ஒன்பது மேன்முறையீடு எழுதிய அனுபவசாலி. ஒன்றும் வென்றதில்லை, ஆனால் எழுத்துப் பிழை இருந்ததில்லை. அவர் கணினியில் பந்தி பந்தியாக அடித்தார். முக்கியமான வசனம் இது: 'எமது அணித்தலைவர் அடித்த பந்து கோலினுள் சென்று, வலையிலிருந்த ஓட்டையினூடாக வெளியேறியது. வலை அசையாதமையால் மத்தியஸ்தர் அதனை அவதானிக்கவில்லை.'

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் கையொப்பத்துக்காக ஹாஜியார் வீட்டுக்குப் போனார்கள். ஹாஜியார் கடிதத் தலைப்பை நாலு நிமிடம் படித்தார். அதில் அவர் பெயர் சரியாக இருந்தது. பிறகு கீழே வந்தார்.

"இதென்ன ஓட்ட?"

"வலையில இரிக்கிற ஓட்ட ஹாஜியார்," என்றார் மர்சூக்.

"வலை ஆரு குடுத்த?"

"நீங்க."

"அப்ப நான் ஓட்ட வலை குடுத்தனா?"

"சீச்சீ, நீங்க நல்ல வலைதான் குடுத்தீங்க. நாடா வெட்டக்குள்ள கத்திரிக்கோல் பட்டிற்று."

"அப்ப பிரதம அதிதி கழகத்துட வலைய வெட்டினாரு எண்டு லீக்குக்கு எழுதிக் குடுக்கப் போறீங்க. என்ட கையெழுத்தோட."

"அப்பிடி எழுதல்ல. ஓட்ட எண்டு மட்டும்தான்."

"வாசிக்கிறவனுக்கு மூளை இல்லயா மர்சூக்? அந்தப் போட்டோ முழு ஊருட போன்லயும் கிடக்கு."

ஸாஜித் சேர் தொண்டையைச் செருமினார். "'வலையின் நெகிழ்ச்சித் தன்மை காரணமாக' எண்டு மாத்துவமா?"

ஹாஜியார் கண்ணை மூடி யோசித்தார். "நெகிழ்ச்சி எண்டா தொய்ஞ்சி போன சாமான் எண்டு வரும். வேணா."

"'இடைவெளி' எண்டு போட்டா?"

"வலை எண்டாலே இடைவெளிதானே சேர். அதச் சொல்லவா கடிதம்?" என்று மர்சூக் கேட்டார்.

ஒன்றரை மணித்தியாலம் போனது. தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது. கடைசியில் வசனம் இப்படி நின்றது: 'எமது அணித்தலைவர் அடித்த பந்து கோலினுள் சென்று, பின்னர் வெளியே காணப்பட்டது.'

"உள்ள போன பந்து எப்பிடி வெளிய வந்த எண்டு கேப்பாங்களே ஹாஜியார்? நான் வீடியோ வச்சிரிக்கன். அதயும் சேத்துக் குடுப்பம்."

ஹாஜியார் வீடியோவைப் பார்த்தார். பந்து உள்ளே போனது, ஓட்டையால் வெளியே வந்தது. மேலே பலகையில் அவருடைய பெயர் வெயிலில் பளபளத்தது.

"இது வேணா. என்ட பேரும் ஓட்டையும் ஒரே படத்தில வுழுகுது. ஒண்டுக்கும் யோசியாதீங்க. கேட்டா விசாரணையில வாயால சொல்லலாம். விசாரணைக் குழுவுக்கு ஆரு தலைவர்?"

"நீங்கதான்."

"மறுகா என்ன பயம்?"

அது உண்மைதான். இரண்டு வருடத்துக்கு முன்னர், நம்மட ஆள் ஒருவர் உள்ளே இருந்தால் நல்லது என்று லகூன் ஸ்டார் அங்கத்தவர்கள் ஓடித்திரிந்து வாக்குச் சேர்த்து உசனார் ஹாஜியாரை லீக்கின் மேன்முறையீட்டுக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். அதற்கும் ஒரு பாராட்டு விழா நடந்தது. மர்சூக்தான் மாலை வாங்கி வந்தார்.

சனிக்கிழமை காலை விசாரணை. லீக் காரியாலயத்தில் நீள மேசைக்குப் பின்னால் உசனார் ஹாஜியார் நடுவில் இருந்தார். அவருக்கு வலது பக்கம் ஓய்வுபெற்ற அதிபர் கந்தப்போடி. மூன்றாவது உறுப்பினர் கலியாண வீடொன்றுக்குப் போயிருந்தார். மத்தியஸ்தர் நல்லரத்தினம் ஓரத்தில் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முறைப்பாட்டுத் தரப்பில் வந்திருப்பவர்கள் தம்மை அறிமுகப்படுத்த வேண்டும்," என்றார் ஹாஜியார்.

மர்சூக் அவரைப் பார்த்தார். நேற்றைக்கு முதல்நாள்தான் ஹாஜியார் வீட்டில் தேத்தண்ணி குடித்தவர். "மர்சூக்," என்றார்.

"முழுப் பெயர்."

சொன்னார். எழுதிக்கொண்டார்கள். ஸாஜித் சேர் கடிதத்தைப் பிழையில்லாமல் வாசித்தார். கந்தப்போடி ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒண்டு விளங்கல்ல. பந்து உள்ள போன எண்டுறீங்க. அப்ப எப்பிடி வெளிய வந்த?"

ஸாஜித் சேர் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். ஹாஜியார் கோப்பைப் புரட்டினார்.

"வலையில ஓட்ட இரிந்த," என்றார் மர்சூக். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "ஒரு முழம். அதாலதான் வந்த. வீடியோ இரிக்கி."

நல்லரத்தினம் நிமிர்ந்தார். "ஓட்டையா? ஆட்டத்துக்கு முதல் வலையப் பாக்கிறது என்ட வேலைதான். பிரதம அதிதிக்குக் கை குடுத்து முடியவே நாலு மணியாப் போச்சு. இருட்டாக முதல் முடிக்கணுமே எண்டு விசில ஊதிற்றன். பாக்காம விட்டது என்ட பிழை. வீடியோவக் காட்டுங்க தம்பி. கோல் எண்டா நானே எழுதித் தாறன்."

மர்சூக் போனை எடுத்தார். திரையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வீடியோவைத் தேடினார்.

"ஒரு நிமிடம்," என்றார் ஹாஜியார். "மனுவில் ஓட்டை என்று ஒரு சொல்லும் இல்லை. மனுவில் இல்லாத விடயத்தை விசாரிக்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை."

"மனுவில இரிந்த ஹாஜியார். நீங்கதானே வெட்டின."

"அது கழகத் தலைவர். இங்கே இருப்பது குழுத் தலைவர். இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது."

கந்தப்போடி ஐயா கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்தில இல்லத்தான்," என்றார் மெதுவாக. பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. போதிய காரணம் காட்டப்படாமையால் மேன்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. லகூன் ஸ்டார் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படுகிறது. கையொப்பம், அல்ஹாஜ் உசனார். பட்டங்கள் இரண்டு வரி.

வாசலில் மோட்டார் சைக்கிளில் ஏறப் போன நல்லரத்தினம் நின்றார். "அதக் காட்டுங்க தம்பி."

மர்சூக் காட்டினார். நல்லரத்தினம் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாம் தடவை பந்து கோட்டைத் தாண்டும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"கோல்தான். குறைஞ்சது ரெண்டடி உள்ள."

"எழுதித் தருவீங்களா?"

"இனி எழுதி ஆருக்குக் குடுக்கிற?"

அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பதினேழு வருடத்தில் விசில் வைத்திருக்கும் ஒருவர் மர்சூக் கண்டதைக் கண்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷம் வரும் என்று அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பஸ்தான் வந்தது.

வீட்டில் அவர் மனைவி றுமானா சோற்றைப் போட்டு மீன் ஆணத்தை ஊற்றினாள்.

"என்னவாம் முடிவு?"

"கோல்தானாம். ரெஃப்ரி சொன்னாரு."

"அப்ப வெண்டிற்றீங்களா?"

"இல்ல. ரெண்டாம் பிரிவு."

றுமானா அகப்பையைக் கையில் வைத்தபடி யோசித்தாள். "இதுக்கா ரெண்டு நாள் மில்லச் சாத்தின? கடைத்தெருவில உங்கள ஒரு மாதிரியான ஆள் எண்டு பேசப் போறாங்க. சரி, அங்கயும் ஹாஜியார்தானா தலைவர்?"

"ஓம்."

"ஆணத்துக்கு உப்புக் காணுமா?"

"தெரியல்ல."

"வாயில வச்சித்தானே இரிக்கீங்க?"

அவர் இன்னொரு பிடி வைத்துப் பார்த்தார். உண்மையிலேயே தெரியவில்லை.

பாய்க்குப் பக்கத்தில் கிடந்த போன் கிணுகிணுத்தது. கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் ஸாஜித் சேர் எழுத்துப் பிழையில்லாமல் ஓர் அறிவித்தல் போட்டிருந்தார். சொந்தக் கழகம் என்றும் பாராமல் நடுநிலை தவறாது தீர்ப்பளித்த நமது தலைவரைக் கௌரவிக்கும் விழா எதிர்வரும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகையின் பின்னர் வாவிக்கரை மைதானத்தில் நடைபெறும். அங்கத்தவர்கள் அனைவரும் தவறாது சமுகமளிக்கவும். மாலைக்குப் பொறுப்பு, மர்சூக்.

அதற்குள் நாற்பத்தொரு பேர் பெருவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். அஸாமும் காட்டியிருந்தான். மர்சூக் வலது கை சோற்றில் இருந்தபடியால் இடது கையால் போனை இழுத்து நாற்பத்திரண்டாவதைப் போட்டார். பிறகு மீனில் முள் எடுக்கத் தொடங்கினார்.