நேந்துவிட்ட சேவல்

முனியாண்டி சாமிக்கு யோகராஜ் நேந்துவிட்ட சேவலின் இறகு, பக்கத்து வீட்டு ஐயாவுவின் பின்புறக் கோடியில் கிடந்தது. சேவலைக் காணாமல் அலைந்தவன் அதை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத் தலைவரிடம் போனான்.

"ஐயாவு பொய் சொல்ல மாட்டாரு. வெள்ளிக்கெழம முனி முன்னால கற்பூரத்த அணைச்சுச் சொல்லட்டும்" என்றார் தலைவர்.

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன பேச்சுக்கு வரிசை வீடுகளான அந்த லயத்தில் மறுபேச்சு கிடையாது. சாமி சேவலைத் தின்ற குடும்பம் என்றாகிவிட்டால் திருவிழாவில் பங்கில்லை, நல்லது கெட்டதுக்கு அழைப்பில்லை.

எஹலியகொடைக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்தில் ஐயாவுக்குத் 'தத்துவம்' என்று பட்டப்பெயர். தோட்டம் கம்பெனி கைக்கு மாறி, ஊரே சம்பளத்தைப் பற்றிப் பேசிய வருடத்திலும் மனிதர் பால் வெட்டும் கத்தியைத் தீட்டியபடி உண்மையைப் பற்றித்தான் பேசினார். "பார்த்தது ஒரு மரத்துப் பாலு, நடந்தது ஒரு மரத்துப் பாலு. ஒரே வாளியில ஊத்துன பொறவு எது எதுன்னு எவன் சொல்லுவான்?" கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். மனைவி இருளாயி மட்டும் முழுதாகக் கேட்டுவிட்டு, "வாளிய மொதல்ல கழுவுங்க" என்பாள்.

போன வாரம் அவர் காய்ச்சலில் சோறு இறங்காமல் கிடந்தபோது அவள்தான் மிளகு தட்டிப் போட்டுக் கோழிச்சாறு கொடுத்தாள். றக்வானையிலிருந்து தங்கச்சி கொடுத்தனுப்பிய கோழி என்றாள். எதையும் துருவித் துருவிக் கேட்கிறவர் அன்று கேட்கவில்லை. பசி விடவில்லை.

இப்போது கேட்டார். "இருளாயி, அந்தக் கோழி..."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "காய்ச்ச விட்டுச்சா இல்லியா?"

"விட்டுச்சு."

"அதான் உண்ம."

இத்தனை வருடம் மூளையைக் கசக்கியும் பிடிபடாததை இவள் இரண்டு ஊதலுக்கு நடுவே சொல்லிவிட்டாளே என்று அவருக்குப் பொறாமையாக இருந்தது. அவள்மேல் சொல்ல முடியாத பிரியமும் வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வரத்தானே செய்யும்.

வந்தது. முனி மரத்தடியில் லயமே கூடி நின்றது. கல்லின்மேல் கற்பூரம் எரிந்தது.

"கோழிய தின்னது நான்" என்றார் ஐயாவு.

யோகராஜின் முகம் இறுகியது. "ஹரி, தின்னது நீங்க. அறுத்தது யாரு?"

'நான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். முனி முன்னால் சொல்லும் பொய் குடும்பத்தை அழிக்கும் என்று மனதார நம்புகிறவர் அவர். இருந்தும் கையை நெருப்பின்மேல் நீட்டினார்.

ரப்பர் பால் ஏறிக் கறுத்த இன்னொரு கை குறுக்கே வந்து அதைத் தட்டிவிட்டது.

"ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது. தள்ளுங்க" என்றாள் இருளாயி.

உள்ளங்கையைக் கற்பூரத்தின்மேல் வைத்து அழுத்தினாள். விரலிடுக்கில் புகை எழுந்தது. "நாந்தான் அறுத்தேன். றக்வானையில இருந்து தங்கச்சி அனுப்புன கோழி" என்றாள், யோகராஜை நேராகப் பார்த்தபடி. கையை இன்னும் எடுக்கவில்லை.