எழுதிக்கொள்ள வந்தவள்

பார்வையாளர் படியில் இருந்த அம்மா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். பக்கத்தில் இருந்த ஜெனவியேவ் குனிந்து குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள். அதை ஆடுகளத்தின் நடுவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் கையிலிருந்து பந்து நழுவி வெளியே ஓடியது.

“என்ன நிருபா, பந்து சுடுதோ?” என்று கத்தினார் கஜன் அண்ணை.

பாரிஸின் லா ஷப்பலில் எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். ஆறு மாதமாகக் கடிதம் எழுதி ஜெனவியேவை வரவழைத்தவரும் அவர்தான். அவள் கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்கைச் சேர்ந்தவள், அமெரிக்கப் பல்கலைக்கழக அணி ஒன்றுக்கு ஆள் தேடுகிறவள். இந்த வருடம் பாரிஸில் இரண்டு பேரைத் தெரிவுசெய்வாள். தெரிவானால் நான்கு வருடப் படிப்பும் விளையாட்டும் அவர்கள் பொறுப்பு. எனக்கு அங்கே போக வேறு வழி கிடையாது.

உயரத்தைப் பார்ப்பாள், குதிப்பதைப் பார்ப்பாள், பந்தைப் பறிகொடுத்தபின் முகம் எப்படிப் போகிறது என்றுகூடப் பார்ப்பாள் என்று அண்ணை சொல்லியிருந்தார். வீட்டாரிடமும் பேசுவாள் என்பதைச் சொல்லவில்லை.

அம்மா இப்போது நெஞ்சைத் தொட்டாள். ஜெனவியேவ் பக்கத்தைத் திருப்பினாள்.

அம்மாவின் பிரெஞ்சு ஆஸ்பத்திரி வரிசைகளில் பழகியது. அதில் நோய்களுக்குத்தான் சொற்கள் உண்டு. தடித்த கண்ணாடிக்கு அப்பால் யாரோ எனக்கான தீர்ப்பை வாசிப்பதுபோல் இருந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு நான் எறிந்த பந்துகள் எல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பின. நின்றால் முழங்கால் நோகிறது என்று எழுதுவாள். ஓடினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதுவாள். நிற்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் அந்த ஆட்டத்தை முடித்தேன்.

ஜெனவியேவ் அம்மாவோடு கீழே இறங்கி வந்தாள். “உனக்கு இதய நோயாமே? முழங்காலில் சத்திரசிகிச்சையாமே? உன் பயிற்சியாளர் இதையெல்லாம் எழுதவில்லையே?” குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நான் அம்மாவைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போனேன். “ஏனம்மா பொய் சொன்னனீங்கள்? எனக்கு எங்கை நோய் வருத்தம்?”

“மெதுவாக் கதையடி.” அம்மாவின் உதடு காய்ந்திருந்தது. “அவ உன்ரை வயசு கேட்டவ. நல்லா ஓடுவியோ எண்டு கேட்டவ. கேட்டுக் கேட்டு எழுதினவ.”

“அதுக்குத்தானே வந்தவ!”

“வன்னியிலையும் இயக்கத்துக்கு ஆள் சேர்க்க அப்பிடித்தான் வந்தவை. படலையிலை நிண்டு, தங்கச்சி என்ன விளையாடுறவ எண்டு கேட்டவை. நான் பெருமையாச் சொன்னன், வலைப்பந்து கப்டன், ஒருநாளும் காய்ச்சல் எண்டு படுத்ததில்லை எண்டு. அடுத்த கிழமை வந்து இழுத்துக்கொண்டு போட்டினம்.”

அம்மாவின் தங்கை வசந்தரூபி சின்னம்மாவின் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. போரில் இறந்தாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

“இவ அந்த ஆக்கள் இல்லையம்மா. படிக்கத்தான் கூப்பிடுறா.”

“அவையும் சிரிச்சுக்கொண்டுதான் வந்தவை.”

அம்மாவுக்கு மொழி விளங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் இன்னொரு பொய் சொல்ல நா எழவில்லை. நடந்ததை அப்படியே ஜெனவியேவிடம் சொன்னேன். பிரெஞ்சில் அது மூன்று வாக்கியங்களில் முடிந்துபோனது.

அவள் பேனாவை மூடினாள். அம்மாவை அண்ணாந்து பார்க்கும்படி வாங்கில் உட்கார்ந்தாள். “தொடக்கத்தில் நீ ஆடியது எனக்குப் பிடித்தது. மருத்துவப் பரிசோதனையை நாங்கள் செய்துகொள்வோம். ஆனால் உனக்குப் பதினேழு வயது. உன் தாய் சம்மதிக்காமல் பெயரை அனுப்ப மாட்டேன். என்ன கேட்க வேண்டுமோ கேட்கச் சொல்.”

அம்மா யோசித்தாள். “அங்கை போனாப் பிறகு, பிள்ளை ஏலாது எண்டு சொன்னா?”

நான் மொழிபெயர்த்தேன்.

“அடுத்த நாளே திரும்பி வரலாம்.”

“ஆரிட்டைக் கேக்கோணும்?”

“ஒருவரிடமும் இல்லை. திரும்பி வரும் டிக்கெட் அவள் கையிலேயே இருக்கும்.”

பின்னால் அடுத்த அணிப் பிள்ளைகள் பந்துகளைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அம்மாவின் தோள் அதிர்ந்தது. அவள் மாட்டேன் என்றால் எல்லாம் இங்கேயே முடிந்துவிடும்.

“என்ரை பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை,” என்றாள் கடைசியில், யாரோ ஒட்டுக் கேட்பதுபோல மிக மெதுவாக. “நல்லா ஓடுவாள். சொல்லு.”

சொன்னேன்.

“இன்றைக்கே பெயரை அனுப்புகிறேன்,” என்றாள் ஜெனவியேவ்.

துள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். அவள் ஜெனவியேவைப் பார்க்கவில்லை. வெளியே போகும் கதவுகள் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.