பல் செட் எங்கே?

1

இந்தக் கதை பல் அச்சு எடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. என் வாய் நிறைய அச்சு மாவு. அது இறுகும்வரை பேசக் கூடாது. அங்கே பல் செட் கட்டுகிற பெண், என் தாடையைப் பிடித்துக்கொண்டே தன் அம்மா இறந்த கதையைச் சொன்னாள். முடிவில் ஒரு கேள்வி கேட்டாள். அதை நானும் முடிவில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

2

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "காரியவாதி என்பவர் தன் காரியத்தில் கண்ணாக இருப்பவர்."

(அகராதி வாடை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "அவள் காரியவாதிதான், ஆனாலும்..."

('ஆனாலும்' வந்தவுடன் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வேண்டாம்.)

அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று பார்ப்போம். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால், குரலைத் தாழ்த்தி, முன்னால் ஒரு 'கொஞ்சம்' சேர்த்துச் சொல்வார்கள். தன்னையே அப்படிச் சொல்லிக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குச் செலவில்லாமல் பல் கட்டிக் கொடுத்தபோது இந்தப் பெண் கெட்டிக்காரி. தம்பியின் மாமியாருக்கும் கட்டிக் கொடுத்தபோது தங்கமான பெண். கை அதே கைதான். ஆதாயம் யார் பக்கம் போகிறது என்று நினைக்கிறோமோ, அதற்கேற்றபடி பேர் வைக்கிறோம்.

3

அம்மா தன் பொக்கை வாயை யாருக்கும் காட்ட மாட்டாள். தபால்காரர் மணியடித்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு பல் செட்டைத் தேடுவாள். விழுந்துபோன தன் தங்கப் பல்லையும் மகளிடம் சொல்லி அதிலேயே பதித்து வாங்கியிருந்தாள்.

"நான் போறப்பவும் பல்லோடதான்டி போகணும். பொக்கை வாயோட படுக்க வெச்சுடாதே."

"சரிம்மா, நானே மாட்டி விடறேன், போதுமா?" என்று மகள் சிரித்தாள்.

4

அம்மா போய்விட்ட செய்தி வந்தபோது மகள் வேலையில் இருந்தாள். பல் அச்சு வார்க்கும் சுண்ணமாவு கையில் காயும் முன்பே ஓடி வந்தாள். வீடே அழுதுகொண்டிருந்தது. அவள் மட்டும் அழாமல் நேரே அம்மாவின் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். தாடை இறுகிவிட்டால் பிறகு பல் மாட்ட முடியாது. அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

"பல் செட் எங்க?" என்றாள்.

அழுகை சட்டென்று நின்றது.

"உடம்புச் சூடுகூட ஆறல. அதுக்குள்ள தங்கத்து மேல கண்ணைப் பாரு" என்றாள் தம்பி மனைவி.

(இவளை வில்லியாக்கப் பார்த்தேன். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் துணி மாற்றியவள் இவள்தான். அதனால் விட்டுவிட்டேன்.)

தம்பி மெதுவாகத்தான் சொன்னான். "அக்கா எப்பவுமே கொஞ்சம் காரியவாதிதான்."

அவளுக்குக் கேட்டுவிட்டது. பல் செட் ஜன்னலோரக் கிண்ணத்தில், தண்ணீரில் கிடந்தது. எட்டினால் கைக்குக் கிடைத்திருக்கும். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். மூலையில் போய் உட்கார்ந்து எல்லோரையும் போல அழுதாள். எல்லோருக்கும் திருப்தி.

சாயங்காலம் தம்பி பக்கத்தில் வந்து குனிந்தான். "அக்கா, அம்மா முகம் ஏன் இப்படி ஒடுங்கிக் கிடக்கு? அந்தப் பல்லை மாட்டிவிடேன்."

"இனிமே வாய் திறக்காதுடா."

5

மாற்று முடிவு: அவள் அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பல்லை மாட்டிவிடுகிறாள்.

(எத்தனையோ முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அம்மா அழகாக இருந்தாள். கதைதான் பொய்யாக இருந்தது.)

இன்னொன்று: தம்பி மன்னிப்புக் கேட்கிறான், அவள் அவன் தலையை...

(அவனுக்குத் தான் சொன்னதே நினைவில் இல்லை.)

6

"நீதானே கேட்டே" என்று தம்பி அந்தச் செட்டை அவளிடமே கொடுத்துவிட்டான். காய்ந்தால் விரிசல் விட்டுவிடுமாம். இன்றும் தண்ணீர் மாற்றி வைக்கிறாள்.

கடைசியில் அவள் கேட்டது இதுதான்:

"அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். எனக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாதுன்னு அதை விட்டுட்டேன். அப்போ தம்பி சொன்னது சரிதானே? நீங்களே சொல்லுங்க."

என் தாடை அவள் கையில் இருந்தது. மாவு இறுகிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள்.

எனக்காவது வாயில் மாவு இருந்தது. உங்கள் வாய் சும்மாதானே இருக்கிறது. சொல்லுங்கள்.