ஆளுக்குப் பாதி விமானம்

கல்யாணத்தால் வரும் உறவுகளிலேயே கேடுகெட்டது சகலை உறவு என்பது பல் டாக்டரின் தீர்மானம். ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு, அவரும் மனைவியின் அக்காள் புருஷனான கட்டட கான்ட்ராக்டரும் சேர்ந்து ஒரு குட்டி விமானத்தை வாங்கித் தொலைத்தார்கள். ஆளுக்குப் பாதி. இருவரும் சம்மதித்தால்தான் பறக்கலாம் என்று ஒப்பந்தம்.

சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் தேனாகத்தான் போயிற்று. பிறகு ஒருநாள் கான்ட்ராக்டர் அதைத் தொப்பென்று தரையில் இறக்கி, மூக்குச் சக்கரத்தைக் கோணலாக்கிவிட்டு, மூச்சுக் காட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டார். கண்டுபிடித்த டாக்டர், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே, இனி ஜென்மத்துக்கும் என்னிடம் பேசாதீர்கள் என்று கத்திவிட்டார். கான்ட்ராக்டர் பேசவில்லை. பறக்கச் சம்மதமும் தரவில்லை. சக்கரம் சரியாயிற்று, சகலைகள் சரியாகவில்லை.

டாக்டருக்கு அந்த விமானம் உயிர். ஊர்ப் பல்லையெல்லாம் குடைந்து சலித்த மனுஷனுக்கு மேலே போனால்தான் மூச்சே வரும். சும்மா கிடந்தால் இன்ஜின் துருப்பிடித்துவிடும் என்று பயந்து, ஞாயிறுதோறும் கொட்டகைக்குப் போய், விமானத்தை வாசலில் நிறுத்திக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார். என்றாவது சகலை மனசு மாறினால் பறக்கத் தயாராக இருக்க வேண்டுமே.

கான்ட்ராக்டரும் தவறாமல் வருவார். மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். வேவு பார்க்கிறான் கடன்காரன் என்று டாக்டர் பல்லைக் கடிப்பார்.

ஒரு மழைநாளில் பேட்டரி படுத்துவிட்டது. டாக்டர் முட்டிமோதிப் பார்த்துவிட்டுக் கிளம்பும் நேரம், கான்ட்ராக்டர் வாய் திறக்காமல் தன் வண்டியிலிருந்து வேறு பேட்டரியும் வயரும் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். இன்ஜின் ஓடியது. அன்று வீட்டுக்கு வந்த டாக்டர், உன் அக்கா புருஷன் அவ்வளவு மோசமில்லை, கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார்.

வருஷாந்திர சோதனைக்கு மெக்கானிக் அம்மா வந்து இன்ஜினைப் பிரித்தார். எண்ணெய் வடிகட்டியில் இரும்புத் துகள். உள்ளே பாகமெல்லாம் துரு தின்ற குழி. இன்ஜினை மாற்றுவதும் புது விமானம் வாங்குவதும் ஒன்றுதான், பேசாமல் பிரித்து விற்றுவிடுங்கள் என்றார். வாரம் தவறாமல் ஓட்டினேனே என்று டாக்டர் புலம்பினார்.

"அதான் கெடுத்துச்சு. பறந்தாத்தான் எண்ணெய் நல்லா சூடாகி, உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகும். தரையில கொஞ்ச நேரம் ஓட்டி அணைச்சா தண்ணி சேர்ந்து உள்ளேயே நிக்கும். இதுக்கு ஓட்டாமலே விட்டிருக்கலாம். உங்க சகலையோட பழைய விமானமும் இப்படித்தானே போச்சு. அவர் சொல்லலையா?"

டாக்டர் திரும்பினார். கான்ட்ராக்டர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"பேசாதீங்கன்னு சொன்னது யாரு?"

"பேட்டரி கொண்டுவந்து மாட்டினீங்களே, சகலை."

"அன்னிக்கு ஓட்டாம விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

டாக்டர் நாற்காலியை நெருங்கினார். "உங்க பாதியும்தானே போச்சு?"

தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்கிற ரகம் கான்ட்ராக்டர்.

"போகட்டும்" என்றார். மிச்ச டீயைக் கீழே கொட்டினார். இத்தனை மாதமாகக் கொட்டகையிலேயே கிடந்த நாற்காலியை மடக்கித் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.