நானாவுக்கு ஒன்பது வரி

என் வேலை கேட்பது. புகலிடம் கேட்டு வந்து சேர்கிறவர்களின் பேச்சைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, இது எந்தப் பக்கத்துப் பேச்சு, சொல்கிற உறவு உண்மையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளை நேரில் பார்க்கக் கூடாது, அது விதி. பதினோரு வருடமாக இதே பிழைப்பு. அலுவலகத்தில் எனக்குக் காதுக்காரி என்று பெயர். நான் இல்லாத நேரத்தில் வாய்க்காரி என்பார்கள், அதுவும் தெரியும்.

அன்று காலை வந்தது ஏழு வயதுப் பெண்ணின் குரல். கூட வந்தவனுக்கு இருபத்தைந்து இருக்குமாம். காகிதமெல்லாம் வழியில் தண்ணீரோடு போய்விட்டது. அவன் அவளுக்கு என்ன உறவு என்பது உறுதியானால் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கலாம். இல்லாவிட்டால் அவள் பிள்ளைகள் இல்லத்துக்கு, அவன் ஆண்கள் முகாமுக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் பயணம்.

அவள் அவனை நானா என்றாள். நானாவுக்குத் தலை வாரத் தெரியாது, கோணல் வகிடுதான் எடுக்கும். நானா தன் ரொட்டியைப் பாதி கொடுத்துவிட்டுப் பிறகு திட்டும். ஐந்தே நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன்தான். கடலோரத்தில் எத்தனையோ வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். என் போதாத காலம், படிவம் மாறியிருந்தது. 'இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டா?' என்ற கேள்விக்குக் கீழே முன்பெல்லாம் ஒரு வரிதான் இருக்கும். இப்போது பத்து வரி, வெள்ளை வெளேரென்று. காலி இடத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. அதிலும் சொல் சம்பந்தப்பட்டது என்றால் கேட்கவே வேண்டாம். அகராதியை மூடாமல் சாப்பிட உட்கார்ந்து அக்காவிடம் தினமும் திட்டு வாங்குகிறவள் நான்.

எழுதித் தள்ளினேன். தெலுங்கில் கொஞ்சம் அழுத்தி நான்னா என்றால் அப்பா. இந்தியில் அம்மாவைப் பெற்ற தாத்தா. ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் பாட்டி, அது மழலையில் பிறந்தது. ஸ்பானிய மொழியில் தாலாட்டு. ஜார்ஜியத் தாய்மார்களும் அதையே சொல்லித்தான் தாலாட்டுகிறார்கள், ஆனால் இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஜப்பானில் ஏழு. லத்தீனில் குள்ளமான பெண். ஆப்பிரிக்காவில் அக்கான் மொழிக்காரர்கள் தாத்தா பாட்டியையும் அப்படி அழைப்பார்கள், அரசனையும் அழைப்பார்கள். வடமொழியில் பற்பல என்று பொருள், நம்முடைய நானாவிதம் அங்கிருந்துதான் வந்தது. ஒன்பது வரி. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. பக்கத்தைத் திருப்பி, 'ஐயமே இல்லை, அண்ணன்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

படிவம் மேல்மாடிக்குப் போன பிறகு பக்கத்து மேசைத் தாடிக்காரர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. எத்தனை வரி எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சுற்றறிக்கை படிக்கலையா? ஒரு வரி, ஒரு சந்தேகம். மூணுக்கு மேல போனா பிரிச்சுடுவாங்க. மேல போறது மொதப் பக்கம் மட்டும்தான்."

சுற்றறிக்கை ஒரு வாரமாக என் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது.

மாடிக்கு ஓடினேன். புதிதாக வந்த அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார். கத்துகிறவரைக் கண்டால் எனக்குப் பயம் கிடையாது, இவர் கத்தவே இல்லை. நான்தான் கத்தினேன். அந்தக் குழந்தை ஜப்பானிய மொழியா பேசுகிறது, லத்தீனா பேசுகிறது, அறிவு வேண்டாமா என்று கேட்டேன். அவர் தாளை என் பக்கம் திருப்பினார். ஒன்பது வரிக்கும் சிவப்பில் குறி போட்டிருந்தது.

"தாத்தான்னும் அப்பான்னும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. நான் எழுதலையே."

வேறு படிவம் கொடுங்கள், திருத்தித் தருகிறேன் என்றேன். ஒரே குரலை ஒரே ஆள் இரண்டு தரம் கேட்கக் கூடாதாம். கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சாத நான் கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க. கீழ வண்டி நிக்குது. முடிவு போட்டாச்சு, இனி நீங்க நேர்ல பார்க்கலாம். அந்தப் பொண்ணுக்குப் புரியற மாதிரி சொல்ல எங்களுக்கு வேற ஆள் இல்ல."

கீழே இரண்டு பைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவனைக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப் போயிருந்தார்கள். நான் வாயைத் திறந்ததும் அவள் முகம் மலர்ந்தது. நம் பேச்சைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்றோ.

"நானா எந்த வண்டில வரும்?"

உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். "அடுத்த வண்டில" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஒரு பையை என்னிடம் நீட்டி, நானா வந்ததும் கொடுத்துவிடச் சொன்னாள். பிறகு எந்தப் பிடிவாதமும் பண்ணாமல் ஏறிக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பும் வரை பின் கண்ணாடி வழியாக எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு போனாள். அடுத்த வண்டி அவனை ஏற்றிக்கொண்டு அதற்கு முன்பே பின்வாசல் வழியாகக் கிளம்பிப் போயிருந்தது.