கரிக்கோடு

தேயிலை போகும் கப்பல்கள் நின்ற பிறகு, மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் சாக்கை வெட்டிச் சட்டை தைக்கச் சொல்லியிருந்தான். கத்திரிக்கோல் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் அரிசி உண்டாம். மறுநாள் காலை தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வெட்டச் சொல்லிப் பார்ப்பார்.

கத்தரீன் ஒரு சாக்குத் துண்டில் கரியால் கோடு போட்டு, கத்திரிக்கோலைக் கையில் கொடுத்து, தன் ஐந்து வயது மகள் ஐவியை எதிரில் உட்காரவைத்திருந்தாள். புருஷன் அருள்சாமியைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான். ஐவியின் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன.

"இழுக்காதடி. இது கொழுந்து இல்ல. திற, மூடு. அவ்வளவுதான்."

தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் விளையாட்டிலேயே கொழுந்து பறித்துப் பழகியவர்கள். ஐவியும் வெட்டும்போதெல்லாம் மணிக்கட்டைச் சுண்டி இழுத்தாள்; சாக்கு மடங்கிச் சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் கத்தரீன் அவள் தொடையில் கிள்ளினாள். பொழுது சாய்வதற்குள் கை அடங்கியது. கத்திரிக்கோல் கரிக்கோட்டின் மேலேயே போயிற்று.

"பாத்தியாம்மா!"

பக்கத்து வீட்டு வேலாயி எட்டிப் பார்த்தாள். "கெட்டிக்காரியாக்கிட்டியா? போச்சு போ. வெட்டத் தெரிஞ்ச புள்ளைங்க இந்த ஸ்டோருக்கு இல்லையாம். தூரத்துல கம்போங் ராஜாங்கிற ஊருக்கு லோரியில ஏத்துறாங்களாம்லா. தாய் கூடப் போக முடியாதாம்."

"நான் இவளக் கூட்டிட்டு வரல."

"பேரு குடுத்துட்டியே. வரலன்னா ஜப்பான்காரன் வீட்டுக்கே வந்து அடிப்பான்."

வேலாயி போனதும் கத்தரீன் மகளின் தொடையைத் தடவிக்கொடுத்தாள். "நாளைக்குக் கொழுந்து மாதிரியே சுண்டி இழு, என்ன?"

"அப்பறம் கிள்ளுவ."

"மாட்டேன் கண்ணு."

ஐவி நம்பாமல் பார்த்தாள்.

காலையில் கிராணி நாகரத்தினம் கோடு போட்ட சாக்குத் துண்டை நீட்டினார். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். எதைச் செய்வது என்று தெரியாமல் ஐவி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கத்தரீன் கண்ணைக் காட்டினால் போதும். ஆனால் அவள் கண் நாகரத்தினத்தின் காலடியில் வாய் திறந்திருந்த அரிசி மூட்டையில் இருந்தது. வெள்ளை அரிசி. கண்ணை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, எடுக்க முடியவில்லை. எடுத்தபோது சாக்கு இரண்டாகியிருந்தது, கோடு பிசகாமல்.

"நல்லா வெட்டுது. ஏத்துங்க," என்றார் கிராணி.

கத்தரீனின் முந்தானையில் அரிசியைக் கொட்டினார்கள். வெளியே லோரி உறுமியது. "அம்மா!" என்று ஐவியின் குரல். ஓட வேண்டும். முந்தானையை விட்டால் அரிசி சிந்திவிடும். கத்தரீன் அதை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.