தடுப்பில் படுத்த சாமோ

அக்டோபரில் ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். அடுத்த செப்டம்பரில் அவருடைய காவல்படை ஆட்சியைப் பிடித்தது. இத்தனை கலவரத்திலும் ஒரு நாள்கூடச் சந்தைக்குப் போகாமல் இருந்ததில்லை தெனே. அன்றைக்குத்தான் போகவில்லை. அண்ணன் நொராகோ விடியற்காலையில் தலைநகர் வாகதூகு ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். மத்தியானத் தொழுகைக்குப் பிறகு, நகரத்துக்கு வெளியே சொந்த ஊரில் அடக்கம். பாயில் சுற்றிய உடலைக் கழுதை வண்டியில் ஏற்றி அவளே ஓட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நகர எல்லையில் தடுப்பு. சிப்பாய் ஒருவன் அடையாள அட்டையை வாங்கினான்.

"திரும்பிப் போம்மா. யாரையும் வெளிய விடக்கூடாதுன்னு உத்தரவு."

"பொணத்தையுமா?"

"பொணத்துக்குன்னு தனியா ஒண்ணும் சொல்லல." அட்டையைப் படித்தவன் சிரிப்பை அடக்கினான். "தெனே ஊத்ராகோ. மோசியா நீங்க?"

"ஆமா. நீ யாரு?"

"தோயே."

பெயரே சொன்னது, சாமோ இனம்! மோசி இனமும் சாமோ இனமும் காலங்காலமாகக் கேலி உறவு; எதிர்ப்பட்டால் வாய்க்கு வந்தபடி ஏசலாம், கோபப்படத்தான் கூடாது.

"அடேய் நாய்த்தலை தின்னி! என் அடிமை கையிலயா துப்பாக்கியக் குடுத்தானுங்க?"

"அடிமை நீதான் கெழவி!"

"சரி, மோசி பொணத்த சாமோ இப்படியா நின்னுக்கிட்டு மறிப்பான்? உங்கப்பன் சொல்லித் தரலியா? படுடா!"

அவன் அதிகாரி உட்கார்ந்திருந்த ஜீப் பக்கம் ஒருமுறை பார்த்தான். துப்பாக்கியைத் தோழனிடம் கொடுத்துவிட்டுக் கழுதையின் காலடியில் மல்லாந்து படுத்தான். மோசி சாவில் சாமோ இப்படி மறித்துப் படுத்துக் கூலி கேட்பதும், கிடைத்ததும் வழிவிடுவதும் பழைய வழக்கம்.

"வேலைக்குப் பயந்து செத்துட்டான்யா இந்தச் சோம்பேறி மோசி! கோலாக்கொட்டை குடுக்காம மண்ணுக்குள்ள விடமாட்டேன்!"

அதிகாரி இறங்கி வந்தார். "என்னடா கூத்து இது?"

"சாவு சார். நான் சாமோ." படுத்தபடியே சொன்னான்.

தெனே மெல்லுவதற்கு இடுப்புத்துணியில் முடிந்துவைத்திருந்த ஒரு கோலாக்கொட்டையை எடுத்து அவன் நெஞ்சின் மேல் போட்டாள். அவன் அதைக் கடித்தான்.

அதிகாரி பாயையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன் சார்."

"வாங்கினப்புறம் மறிக்க முடியாதே."

"முடியாது சார். செத்தவன் சும்மா விடமாட்டான்."

"என்னையும் சேத்து இழுத்துவிட்டுட்டே." அதிகாரி ஜீப்புக்குத் திரும்பி, நகரத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

தோயே தடுப்புக் கட்டையைத் தூக்கினான். வண்டி நகர்ந்ததும் கூடவே நாலடி நடந்தான்.

"நெசமா என்னம்மா ஆச்சு அவருக்கு?"

"காய்ச்சல்ப்பா. நாலே நாள்."

"வெரசா ஓட்டுங்க. தொழுகைக்கு இன்னும் நேரமிருக்கு."

"வரும்போதும் மறிச்சியானா கோலா கெடையாது. கம்படிதான்."

அவள் கழுதையைத் தட்டினாள். ஊரில் குழி வெட்டி முடித்து, மண்வெட்டிகளோடு மரத்தடியில் காத்திருந்தார்கள்.